வீட்டில் அளக்கும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும்: எக்செல்லில் எப்படிப் பதிவது, எப்படி வரைவது?

உங்கள் கேள்வியை ஒருமுறை சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வீட்டிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, பல மாதங்களாக நோட்டுப் புத்தகத்தில் எழுதி வந்திருக்கிறீர்கள். அதையெல்லாம் எக்செல்லில் ஏற்றி வரைபடம் போட்டால், கோடு சீப்புப் பல் மாதிரி ஏறி இறங்குகிறது. அளக்காத நாட்களில் பூஜ்யத்துக்கு விழுகிறது. எடை, சர்க்கரை, அழுத்தம் மூன்றும் ஒரே படத்தில் பின்னிக் கிடக்கின்றன. எந்த வகை வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தால் டாக்டரிடம் காட்டும்படி இருக்கும் என்று கேட்கிறீர்கள்.

வரைபட வகைக்குப் பிறகு வருகிறேன். நீங்கள் சொன்ன கோளாறுகளில் முக்கால்வாசி, படத்துக்கு அடியில் இருக்கும் அட்டவணையில் உண்டானவை. அட்டவணை சரியாக இருந்தால் படம் ஐந்து நிமிட வேலை. அட்டவணை தப்பாக இருந்தால் எந்த வகை வரைபடமும் கைகொடுக்காது.

முதல் விதி: ஒரு முறை அளந்தால் ஒரு வரிசை. காலைக்கு ஒரு நெடுவரிசை, மாலைக்கு ஒரு நெடுவரிசை என்று நோட்டில் கோடு போட்டதைப் போலவே எக்செல்லிலும் பலர் போடுகிறார்கள். இரவில் தலை சுற்றி மூன்றாவது முறை அளந்தால் அதை எங்கே எழுதுவது? ஓரத்தில் ஒரு புது நெடுவரிசை முளைக்கும். அடுத்த மாதம் இன்னொன்று. பிறகு எந்தச் சூத்திரமும் ஒழுங்காக வேலை செய்யாது. ஆகவே தேதி, நேரம், மேல் அழுத்தம், கீழ் அழுத்தம், நாடித்துடிப்பு, எந்தக் கருவி, குறிப்பு என்று ஏழு நெடுவரிசைகள் போதும். சர்க்கரைக்குத் தனி ஷீட்: தேதி, நேரம், அளவு, வெறும் வயிறா சாப்பாட்டுக்குப் பிறகா, கருவி, குறிப்பு. எடைக்கு இன்னொன்று. மூன்றையும் ஒரே தாளில் திணிக்க வேண்டிய அவசியம் இல்லை.

138/86 என்று ஒரே செல்லில் எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? எக்செல்லைப் பொறுத்தவரை அது எண்ணே இல்லை, வெறும் எழுத்து. சராசரி கேட்டால் கணக்கில் சேர்க்காது. 138 ஒரு செல்லிலும் 86 அடுத்த செல்லிலும் இருக்க வேண்டும். ஏற்கெனவே ஏற்றியதைத் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டாம். டேட்டா மெனுவில் உள்ள ‘டெக்ஸ்ட் டு காலம்ஸ்’ வசதியைத் திறந்து, பிரிக்கும் குறியாகச் சாய்வுக்கோட்டைக் கொடுத்தால் ஒரே சொடுக்கில் இரண்டாகப் பிரிந்துவிடும். வலப்பக்க நெடுவரிசை காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் செய்யுங்கள். இல்லாவிட்டால் அங்கே இருப்பதன் மேல் எழுதிவிடும்.

தேதிதான் பெரும்பாலானவர்கள் இடறும் இடம். எக்செல் தேதியைத் தேதியாக வைத்திருப்பதில்லை. 1900ஆம் ஆண்டு ஜனவரி 1ஐ 1 என்று கொண்டு நாட்களை எண்ணிக்கொண்டே போகிறது. 2023 மார்ச் 15 அதற்கு 45000. அன்று காலை ஆறு மணி 45000.25. நேரம் என்பது ஒரு நாளின் பின்னம், அவ்வளவுதான். இதைப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. உங்கள் தேதி நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, வடிவத்தை ‘நம்பர்’ என்று மாற்றிப் பாருங்கள். எல்லாம் நாற்பதாயிரத்துச் சொச்சமாக மாறினால் நல்லது. ஏதாவது ஒரு செல் மாறாமல் 15.3.23 என்று அப்படியே நின்றால், அது தேதியின் வேடத்தில் இருக்கும் எழுத்து. ஸ்கேட்டர் எனப்படும் புள்ளி வரைபடத்தில் கிடை அச்சுக்கு உரிய நெடுவரிசையில் அப்படி ஒரே ஒரு எழுத்து கலந்திருந்தாலும், எக்செல் தேதிகள் அனைத்தையும் ஓரமாகத் தள்ளிவிட்டு 1, 2, 3 என்று தானே எண் போட்டுக்கொள்ளும். படம் வரும். ஆனால் அதில் காலம் இருக்காது.

3/4 என்று எழுதினால் அது ஏப்ரல் 3ஆ, மார்ச் 4ஆ என்பதை உங்கள் கணினியின் வட்டார அமைப்புதான் முடிவு செய்கிறது. வேறொருவர் கணினியில் தட்டச்சு செய்தால் வேறு தேதி ஆகலாம். 2024-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை. எதையும் தேதியாக்கிவிடும் எக்செல்லின் ஆர்வம் சாதாரணமானது அல்ல. மார்ச்1, செப்1 என்பதுபோல் சுருக்கப் பெயர் கொண்ட மனித மரபணுக்களை அது தேதிகளாக மாற்றி ஆய்வு அட்டவணைகளைக் கெடுத்துக்கொண்டே இருந்ததால், 2020இல் மரபணுப் பெயர்களை வகுக்கும் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. விஞ்ஞானிகளே விட்டுக்கொடுத்த இடத்தில் நாம் சற்றுக் கவனமாக இருப்பதில் தவறில்லை.

இன்றைய தேதியைப் போட கன்ட்ரோல் விசையோடு அரைப்புள்ளியை அழுத்தினால் போதும். ஷிஃப்டையும் சேர்த்து அழுத்தினால் நேரம் விழும். ‘டுடே’ சூத்திரத்தை மட்டும் தேதி நெடுவரிசையில் போடாதீர்கள். நாளைக்குத் திறந்தால் அத்தனை வரிசைகளும் நாளைய தேதியைக் காட்டும்.

தேதியும் நேரமும் இரண்டு செல்களில் இருக்கட்டும், எழுதுவதற்கு அதுதான் வசதி. எட்டாவதாக ஒரு நெடுவரிசை சேர்த்து, அதில் இரண்டையும் கூட்டிவிடுங்கள். 45000-உடன் 0.25 சேர்ந்தால் 45000.25. வரைபடத்தின் கிடை அச்சுக்கு அதுதான் தேவை.

இப்போது உங்கள் சீப்புப் பல்லுக்கு வருகிறேன். நீங்கள் போட்டது லைன் வரைபடம். எக்செல்லின் லைன் வரைபடத்தில் கிடை அச்சு தேதி அச்சாக இருந்தால் அதன் மிகச் சிறிய அலகு ஒரு நாள். காலை ஏழு மணி அளவும் இரவு எட்டு மணி அளவும் ஒரே செங்குத்துக் கோட்டில் வந்து உட்காரும். கோடு காலையிலிருந்து மாலைக்கு நேராக ஏறி அல்லது இறங்கி, பிறகு அடுத்த நாளுக்குத் தாவும். தேதிகள் எழுத்தாக இருந்தால் வேறொரு கேடு: இரண்டு அளவுகளுக்கு நடுவே ஒரு நாள் இருந்தாலும் மூன்று வாரம் இருந்தாலும் ஒரே இடைவெளிதான். நீங்கள் அளக்காமல் விட்ட மூன்று வாரம் படத்திலிருந்தே மறைந்துபோகும். ஸ்கேட்டர் வரைபடம் கிடை அச்சையும் எண்ணாகவே எடுத்துக்கொள்வதால், ஒவ்வொரு புள்ளியும் தன் உண்மையான நேரத்தில் போய் நிற்கும். உடல்நல அளவுகளுக்கு எப்போதும் அதைத்தான் சொல்வேன். அதிலும் புள்ளிகள் மட்டும், கோடு வேண்டாம். வளைந்து வளைந்து அழகாகப் போகும் ‘ஸ்மூத்’ கோட்டைத் தொடவே தொடாதீர்கள். இரண்டு புள்ளிகளுக்கு நடுவே யாரும் அளக்காத உயரங்களை அது வரைந்து காட்டுகிறது.

பூஜ்யத்துக்கு விழுவதற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். அளக்காத நாளில் 0 என்று எழுதியிருப்பீர்கள். அல்லது ஒரு கோடு, ‘இல்லை’ என்பது போன்ற எழுத்து போட்டிருப்பீர்கள். செங்குத்து அச்சில் எழுத்து வந்தால் எக்செல் அதைப் பூஜ்யமாக வரையும். அல்லது காலியாகத் தோன்றும் செல்லில் ஒரு சூத்திரம் வெற்று மேற்கோள்குறியைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும், அதுவும் எழுத்துதான். ஒரு முறை அளந்தால் ஒரு வரிசை என்ற விதியைப் பின்பற்றினால் அளக்காத நாளுக்கு வரிசையே கிடையாது, ஆகவே இந்தச் சிக்கலும் கிடையாது. சூத்திரம்தான் வேண்டும் என்றால், மதிப்பு இல்லாத இடத்தில் ‘என்ஏ’ சூத்திரத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். செல்லில் பார்க்க அசிங்கமாக இருக்கும். வரைபடம் அதைப் புள்ளியாக வைக்காது.

மூன்றையும் ஒரே படத்தில் போட்டு, வலப்பக்கம் இரண்டாவது அச்சு வைத்துச் சமாளிக்கலாம் என்று உங்களுக்கு யாராவது சொல்லலாம். கேட்காதீர்கள். இரண்டு அச்சுகளின் அளவுகளைக் கொஞ்சம் நகர்த்தினால் எடை ஏறியதால்தான் அழுத்தம் ஏறியது என்று காட்டலாம். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை என்றும் காட்டலாம். மூன்று படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, கிடை அச்சின் தொடக்கத் தேதியையும் முடிவுத் தேதியையும் மூன்றிலும் ஒன்றாக வைத்தால் கண் தானாக ஒப்பிட்டுக்கொள்ளும்.

ரத்த அழுத்தத்துக்கு எனக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு. மேல் அழுத்தமும் கீழ் அழுத்தமும் ஒரே அளவீட்டின் இரண்டு முனைகள். அவற்றை ஒரு நிமிர்ந்த கோட்டால் இணைத்தால் படம் பேச ஆரம்பிக்கும். மேல் அழுத்தத்திலிருந்து கீழ் அழுத்தத்தைக் கழித்து ஒரு நெடுவரிசை உண்டாக்குங்கள். ஸ்கேட்டரில் மேல் அழுத்தத்தை மட்டும் போடுங்கள். பிறகு புள்ளியிலிருந்து நீளும் கோடான ‘எர்ரர் பார்’ சேர்த்து, செங்குத்துத் திசையில் ‘மைனஸ்’ மட்டும் என்று தேர்ந்தெடுத்து, ‘கஸ்டம்’ என்ற இடத்தில் கழித்தல் மதிப்பாக அந்த நெடுவரிசையைக் கொடுங்கள். கிடைத்திசையிலும் ஒரு கோடு தானாக முளைக்கும், அதைத் தேர்ந்தெடுத்து அழித்துவிடுங்கள். இப்போது ஒவ்வொரு அளவும் 138இலிருந்து 86 வரை தொங்கும் ஒரு மெல்லிய கம்பி. அழுத்தம் மொத்தமாக ஏறுகிறதா, மேலெண் மட்டும் நீள்கிறதா என்பது பார்த்த உடனே தெரியும். வயதானவர்களுக்கு ரத்தக்குழாய்கள் விறைக்கும்போது மேலெண் ஏறி, கீழெண் ஏறாமலோ இறங்கியோ இருப்பது வழக்கம் என்பதால் அப்பாவின் விஷயத்தில் இந்தக் கம்பியின் நீளம் டாக்டருக்குப் பயன்படும்.

செங்குத்து அச்சை 40இலிருந்து 200 வரை நீங்களே நிலையாக வைத்துவிடுங்கள். எக்செல் விருப்பத்துக்கு விட்டால் இந்த மாதம் 120இலிருந்து 145 வரை, அடுத்த மாதம் 0விலிருந்து 180 வரை என்று மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரே அளவு ஏற்றம் ஒரு மாதம் மலையாகவும் மறு மாதம் மேடாகவும் தெரியும்.

சர்க்கரையில் வெறும் வயிற்று அளவையும் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த அளவையும் கோட்டால் இணைக்கவே கூடாது. 110, 175, 118, 182 என்று மாறி மாறி வருவதை இணைத்தால் ரம்பம்தான் வரும்; அந்த ரம்பத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை. இரண்டும் இரண்டு நிறம், தனித்தனி வரிசைத்தொகுப்பு. காலை அழுத்தம், மாலை அழுத்தம் இரண்டையும் அப்படித்தான் பிரிக்க வேண்டும், ஏனென்றால் நாள் முழுக்க உடல் ஒரே நிலையில் இருப்பதில்லை. பெரும்பாலானவர்களுக்குத் தூக்கத்தில் அழுத்தம் பத்து முதல் இருபது சதவீதம் வரை இறங்கி, விழிக்கும் நேரத்தில் ஏறுகிறது.

அடுத்தது, போக்கைக் காட்டும் கோடு. எக்செல்லில் ‘மூவிங் ஆவரேஜ்’ என்ற தயார்நிலை வசதி இருக்கிறது. அது நாட்களை எண்ணுவதில்லை, புள்ளிகளை எண்ணுகிறது. ஏழு என்று கொடுத்தால் கடைசி ஏழு அளவுகள். ஒழுங்காகக் காலையும் மாலையும் அளந்தால் அது மூன்றரை நாள். வாரம் ஒருமுறை அளந்தால் ஒன்றரை மாதத்துக்கும் மேல். இரண்டையும் ஒரே கோட்டில் காட்டுவது ஏமாற்று. ‘ஆவரேஜ்இஃப்ஸ்’ சூத்திரத்தைப் பயன்படுத்துங்கள்: மேல் அழுத்த நெடுவரிசைக்குச் சராசரி எடு, ஆனால் தேதி இந்த வரிசையின் தேதிக்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்க வேண்டும், அதோடு இந்தத் தேதியிலிருந்து ஏழைக் கழித்தால் வருவதைவிட அதிகமாக இருக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனைகள். தேதி என்பது எண் என்று மேலே சொன்னதன் பலன் இங்கே கிடைக்கிறது. ஏழு நாள் பின்னால் போக ஏழைக் கழித்தால் போதும். தனித்தனி அளவுகள் வெளிறிய புள்ளிகளாகவும், இந்தச் சராசரி அழுத்தமான கோடாகவும் இருக்கட்டும்.

எடைக்கு இந்தக் கோடு இல்லாமல் எதையும் பேசாதீர்கள். உடலில் நீர் கூடிக் குறைவதாலேயே ஒரு நாளுக்கும் மறு நாளுக்கும் ஒன்றிரண்டு கிலோ வித்தியாசம் வரும்.

சரி, எவ்வளவு மாறினால் மாற்றம் என்று கொள்வது? இதில்தான் வீட்டில் அளப்பவர்கள் வீணாகக் கவலைப்படுகிறார்கள். வீட்டுச் சர்க்கரைமானிகளுக்கு 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தரம் கேட்பது இவ்வளவுதான்: 100 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவுகளில், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முடிவுகள் ஆய்வக அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், அதற்குக் கீழே 15 மில்லிகிராமுக்குள். அதாவது உண்மையில் 200 இருப்பவருக்குக் கருவி 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது தரத்துக்கு உட்பட்ட கருவியே. நேற்று 182, இன்று 195 என்று அப்பாவைக் கேள்வி கேட்பதற்கு இதில் ஆதாரம் இல்லை. ரத்த அழுத்தமும் ஒரு நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகளுக்குள்ளேயே ஐந்து, பத்து புள்ளி விலகும்.

1924இல் வால்டர் ஷூஹார்ட் என்ற அமெரிக்கர் தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுக்காக ஒரு வகை வரைபடத்தை உருவாக்கினார். நடுவில் சராசரிக் கோடு, அதன் இருபுறமும் எல்லைக் கோடுகள். அந்த வழியில் வந்த ஒரு விதி நமக்கும் உதவும்: தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் சராசரிக்கு ஒரே பக்கமாக விழுந்தால் தற்செயல் என்று விட்டுவிட முடியாது, ஏதோ நகர்ந்திருக்கிறது. ஒற்றைப் புள்ளி எகிறியதற்குப் பதறுவதைவிட இதைத் தேடுவது நல்லது. காய்ச்சலுக்கு நாள்தோறும் வெப்பநிலை வரைவதை மருத்துவமனைகளில் நிலைநாட்டிய கார்ல் வுண்டர்லிக், 1868இல் ஆயிரக்கணக்கான நோயாளிகளின் அளவுகளை வைத்துக்கொண்டு வலியுறுத்தியதும் போக்கைத்தான்.

எதற்கும் அடிப்படை, அளக்கும் முறை ஒரே மாதிரி இருப்பது. ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கால் மேல் கால் போடாமல், கையை நெஞ்சு மட்டத்தில் தாங்கிவைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. அரை மணி நேரத்துக்குள் காபியோ புகையோ உடற்பயிற்சியோ கூடாது. கைக்குப் போதாத சிறிய பட்டை அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும். இரண்டு அளவுகளையும் எழுதுங்கள். மூன்று முறை எடுத்து, குறைவாக வந்ததை மட்டும் எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். அப்படிச் செய்தால் படம் அப்பாவின் அழுத்தத்தைக் காட்டாது, உங்கள் விருப்பத்தைக் காட்டும். தலை சுற்றும்போது மட்டும் அளப்பதும் இதே கோளாறுதான், எதிர்ப்பக்கமாக. அப்படி எடுத்ததை எழுதலாம், ஆனால் குறிப்பு நெடுவரிசையில் காரணத்தைப் போட்டு, சராசரியில் சேர்க்காதீர்கள்.

மருந்து மாறிய நாளையும் கருவி மாறிய நாளையும் படத்தில் செங்குத்துக் கோடாகக் காட்டுங்கள். செய்வது சுலபம்: ஒரே தேதிக்கு 40, 200 என்று இரண்டு புள்ளிகள் கொண்ட புதிய தொகுப்பைச் சேர்த்து, அதற்கு மட்டும் இணைப்புக்கோடு போடுங்கள். புதுக் கருவி வாங்கிய அன்றே அழுத்தம் எட்டுப் புள்ளி இறங்கிவிட்டால், மருந்துக்கு நன்றி சொல்வதற்கு முன் பழைய கருவியிலும் ஒருமுறை அளந்து பாருங்கள்.

135க்கு மேல் சிவப்பு, கீழே பச்சை என்று செல்களுக்கு நிறம் பூசுவது எனக்கு உடன்பாடில்லை. 134க்கும் 136க்கும் உடலில் எந்த வித்தியாசமும் இல்லை. ஷீட்டில் மட்டும் அபாயமும் நிம்மதியும் மாறி மாறி வரும், அதைப் பார்த்தே சிலருக்கு அழுத்தம் ஏறும். எல்லை வேண்டும் என்றால் படத்தில் ஒரு மெல்லிய படுக்கைக் கோடு போதும். ஐரோப்பிய வழிகாட்டுதல்களில் மருத்துவமனையில் 140/90 என்ற எல்லைக்கு ஈடாக வீட்டு அளவுகளின் சராசரிக்கு 135/85 வைத்திருக்கிறார்கள். 2017இன் அமெரிக்க வழிகாட்டுதல் 130/80 என்கிறது. அப்பாவுக்கு எந்த எண் என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்டுப் போடுங்கள். வயது, சிறுநீரகம், மற்ற மருந்துகள் எல்லாம் அதில் அடக்கம்.

மூன்று மாதச் சர்க்கரையான ஹெச்பிஏ1சி முடிவு வரும்போது அதையும் சர்க்கரைப் படத்தில் ஒரு தனிக் குறியாக வைக்கலாம். அதை 28.7ஆல் பெருக்கி 46.7ஐக் கழித்தால் மதிப்பிடப்பட்ட சராசரிச் சர்க்கரை மில்லிகிராமில் கிடைக்கும். 7 சதவீதம் என்றால் சுமார் 154. உங்கள் கருவியின் சராசரி இதோடு ஒத்துப்போகாவிட்டால் கருவி கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த நேரங்களில் மட்டும் அளக்கிறீர்கள், ஹெச்பிஏ1சி இரவு பகல் அத்தனை நேரத்தையும் கணக்கில் கொள்கிறது.

டாக்டரிடம் முழு ஷீட்டையும் நீட்டாதீர்கள். ஒரே பக்கம். மேலே நான்கைந்து வரிகள்: கடைசி ஒரு வாரத்தின் காலைச் சராசரி, மாலைச் சராசரி, எத்தனை அளவுகளிலிருந்து எடுத்தது, அதிகபட்சம், குறைந்தபட்சம், எப்போது எந்த மருந்து மாறியது. கீழே படங்கள். சந்திப்புக்கு முந்தைய ஏழு நாட்கள் காலை இரண்டு, மாலை இரண்டு என்று ஒழுங்காக அளந்து, முதல் நாளை விட்டுவிட்டு மற்றவற்றுக்குச் சராசரி எடுப்பது பரவலாகப் பரிந்துரைக்கப்படும் முறை. பல மாதங்கள் விட்டுவிட்டு எடுத்ததைவிட இந்த ஒரு வாரத்துக்கு மதிப்பு அதிகம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 180/120 அல்லது அதற்கு மேல் காட்டி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் போன்ற ஏதாவது கூடவே இருந்தால் எக்செல்லைத் திறக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை 70க்குக் கீழே வந்தாலும் முதலில் இனிப்பு, பதிவு பிறகு.

நோட்டிலிருந்து ஏற்றும்போது விரல் தவறும். டேட்டா மெனுவின் ‘வேலிடேஷன்’ வசதியில் மேல் அழுத்தம் 60க்கும் 260க்கும் நடுவே இருக்க வேண்டும் என்று வைத்துவிட்டால் 1388 உள்ளே வராது. கீழெண் மேலெண்ணைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்றும் ஒரு நிபந்தனை கொடுங்கள். இடம் மாறி எழுதியவை அதில் சிக்கும். கூகுள் ஷீட்ஸில் வைத்துச் சகோதர சகோதரிகளோடு பகிர்வதாக இருந்தால், இணைப்பு கிடைத்த எவரும் பார்க்கலாம் என்ற அமைப்பைத் தவிர்த்து, அவரவர் மின்னஞ்சலைச் சேர்த்துப் பகிருங்கள். அளப்பவர் மட்டும் திருத்தலாம், மற்றவர்கள் பார்க்கலாம் என்று வைத்தால் ஷீட்டும் கெடாது.